கேள்வி – பதில்: வேலையின்மை எதனால் வருகிறது?

வேலையின்மையைப் பற்றிக் கேள்விகள் அனுப்புமாறு சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்தவற்றுள் ஒன்றோடொன்று தொடர்புடைய பத்துக் கேள்விகளை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு தந்தையின் கடிதத்தை முதலில் வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. மற்ற ஒன்பதும் ஏதோ ஒரு வகையில் அவருடைய கேள்விக்குத்தான் விடை தேடுகின்றன.

கேள்வி: பட்டம் பெற்ற என் மகன் பதினான்கு மாதங்களாக வேலை தேடிக்கொண்டிருக்கிறான். "மனமிருந்தால் வேலை கிடைக்கும், அவனுக்கு முயற்சி போதாது" என்று உறவினர்கள் சொல்கிறார்கள். நானும் சில நேரங்களில் அப்படி நினைத்து அவனைக் கடிந்துகொள்கிறேன். வேலையில்லாமல் இருப்பது அந்த ஆளின் குறைதானா? – ஒரு தந்தை

பதில்: உங்கள் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இருக்கிற வேலைகளுக்கு யார் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள் என்பது ஒன்று. மொத்தத்தில் எத்தனை வேலைகள் இருக்கின்றன என்பது மற்றொன்று. ஐம்பது பேர் ஏறக்கூடிய படகுக்காகக் கரையில் அறுபது பேர் காத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முந்தி ஓடுகிறவருக்கு இடம் கிடைக்கும், பிந்தியவருக்குக் கிடைக்காது. அந்த அளவில் முயற்சிக்குப் பலன் உண்டு. ஆனால் அறுபது பேருக்கும் வேகமாக ஓடக் கற்றுக்கொடுத்தாலும் பத்துப் பேர் கரையில்தான் நிற்பார்கள். அந்தப் பத்துப் பேர் யார் யார் என்பதை ஓட்டம் தீர்மானிக்கிறது; பத்து என்ற எண்ணைத் தீர்மானிப்பது படகின் அளவு.

ஸ்பெயின் நாட்டில் 2007ஆம் ஆண்டில் உழைக்க முன்வந்தவர்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ எட்டுப் பேருக்கு வேலை இல்லாமல் இருந்தது. 2013இல் அந்த எண் 26ஆக உயர்ந்தது. அந்த ஆறு ஆண்டுகளில் ஒரு நாட்டு மக்களின் உழைக்கும் குணம் மாறிவிடவில்லை. கடனை நம்பி வளர்ந்திருந்த கட்டுமானத் தொழில் 2008ஆம் ஆண்டின் நிதி நெருக்கடியில் சரிந்து, அதைச் சார்ந்திருந்த தொழில்களையும் தன்னோடு இழுத்துக்கொண்டு போனது. அமெரிக்காவில் 2020 பிப்ரவரியில் 3.5 விழுக்காடாக இருந்த வேலையின்மை அதே ஆண்டு ஏப்ரலில் ஏறத்தாழ 15 விழுக்காட்டை எட்டியது. இரண்டே மாதங்களில் அத்தனை பேரும் சோம்பேறிகளாகிவிட்டார்கள் என்று அப்போது யாரும் சொல்லவில்லை. பெருந்தொற்றுக்காகக் கடைகளும் ஆலைகளும் மூடப்பட்டதை எல்லோரும் கண்ணால் பார்த்தார்கள். காரணம் கண்ணெதிரே இருக்கும்போது நாம் ஆளைக் குறை சொல்வதில்லை. அது மறைந்திருக்கும் காலங்களில்தான் பழி வேலையில்லாதவர்மீது விழுகிறது.

உங்கள் மகனுடைய முயற்சியை அளக்க என்னிடம் வழி இல்லை. ஆனாலும் பதினான்கு மாதங்களாக விடாமல் தேடிக்கொண்டிருப்பவரை முயற்சியற்றவர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவரை அடுத்த முறை கடிந்துகொள்வதற்கு முன் இந்தப் பகுதியின் கடைசிப் பதிலையும் படித்துவிடுமாறு உங்களை வேண்டிக்கொள்கிறேன்.

கேள்வி: வேலையின்மை விகிதம் குறைந்துவிட்டதாகச் செய்தி வருகிறது. ஆனால் என்னைச் சுற்றியுள்ளவர்களில் யாருக்கும் புதிதாக வேலை கிடைத்ததாகத் தெரியவில்லை. கணக்கில் ஏமாற்றா? – பணி ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியர்

பதில்: ஏமாற்று இல்லாமலேயே அப்படி நடக்கக்கூடும். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் வரையறைப்படி ஒருவரை வேலையில்லாதவர் என்று எண்ணுவதற்கு மூன்று நிபந்தனைகள் ஒருசேர நிறைவேற வேண்டும்: அவருக்கு வேலை இருக்கக் கூடாது, வேலை கிடைத்தால் சேரக்கூடிய நிலையில் இருக்க வேண்டும், அண்மை வாரங்களில் வேலை தேடியும் இருக்க வேண்டும். மூன்றாவது நிபந்தனைதான் உங்கள் ஐயத்துக்கு விடை. தேடித் தேடிச் சலித்துப்போய் நிறுத்திவிட்டவர் இந்தக் கணக்கில் வேலையில்லாதவர் ஆகமாட்டார். அவர் உழைப்பாளர் படையிலிருந்தே வெளியேறியவராகக் கருதப்படுவார்.

ஓர் ஊரில் வேலை செய்கிறவர்கள் 540 பேர், வேலை தேடுகிறவர்கள் 60 பேர் என்று கொள்வோம். உழைப்பாளர் படை 600. வேலையின்மை விகிதம் 10 விழுக்காடு. தேடிக்கொண்டிருந்தவர்களுள் இருபது பேர் நம்பிக்கையிழந்து தேடுவதை நிறுத்துகிறார்கள். இப்போது தேடுகிறவர்கள் 40, உழைப்பாளர் படை 580, விகிதம் 6.9 விழுக்காடு. புதிதாக ஒருவருக்கும் வேலை கிடைக்கவில்லை, துன்பம் கூடியிருக்கிறது, விகிதமோ மூன்று புள்ளிகள் இறங்கியிருக்கிறது. ஆகவே இந்த எண்ணைத் தனியாகப் படிக்கக் கூடாது. உழைக்கும் வயதினரில் எத்தனை பேர் உழைப்பாளர் படையில் இருக்கிறார்கள் என்ற பங்கேற்பு விகிதத்தையும் அதன் பக்கத்திலேயே வைத்துப் படிக்க வேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். கணக்கெடுக்கும் வாரத்தில் ஒரு மணி நேரம் ஊதியத்துக்கு உழைத்திருந்தாலும் அந்த வரையறை அவரை வேலையுடையவர் என்றே எண்ணுகிறது. நாடுகளை ஒப்பிட ஒரே அளவுகோல் தேவை என்பதால் அப்படி வகுத்தார்கள். ஆனால் முழுநாள் வேலை தேடி அரைநாள் வேலையில் ஒதுங்கியிருப்பவரின் நிலையை அது சொல்லாது. 10 விழுக்காடு என்ற ஒரே எண்ணுக்குள் முற்றிலும் வேறான இரண்டு சமூகங்கள் ஒளிந்திருக்கவும் கூடும். ஒன்றில் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஐந்து வாரம் வேலையின்றி இருந்து மீண்டும் வேலைக்குப் போகிறார்கள். மற்றொன்றில் பத்தில் ஒருவர் ஆண்டு முழுவதும் வெளியே நிற்க, மற்ற ஒன்பது பேரை அது தொடுவதே இல்லை. என் கருத்தில், விகிதத்தைவிட முதலில் கேட்க வேண்டியது எத்தனை பேர் எவ்வளவு காலமாகக் காத்திருக்கிறார்கள் என்பதுதான்.

கேள்வி: பாடநூலில் பிறழ்ச்சி, பருவகாலம், அமைப்புசார், சுழற்சி என்று வேலையின்மையைப் பல வகைகளாகப் பிரித்திருக்கிறார்கள். தேர்வுக்காக மனப்பாடம் செய்கிறேன். இந்தப் பிரிவினையால் உண்மையில் என்ன பயன்? – பொருளியல் மாணவி

பதில்: மருத்துவர் காய்ச்சலை வகைப்படுத்துவதில் என்ன பயனோ அதே பயன்தான். வகைக்கேற்ப மருந்து மாறுகிறது.

ஒரு வேலையை விட்டவரோ படிப்பை முடித்தவரோ தமக்குப் பொருத்தமான இடத்தைக் கண்டடையச் சிறிது காலம் ஆகிறது. வேலை தருகிறவரும் தகுந்த ஆளைத் தேடிக்கொண்டிருக்கிறார். இருவரும் சந்திக்க வேண்டும். அந்த இடைவெளிதான் பிறழ்ச்சி வேலையின்மை. பொருளாதாரம் எவ்வளவு செழிப்பாக இருந்தாலும் இது ஓரளவு இருக்கும். இருப்பதில் தவறும் இல்லை, ஏனென்றால் கிடைத்த முதல் வேலையில் எல்லோரும் போய் விழுவதைவிடத் தேடிச் சேர்வது நல்லது. இந்தத் தேடலின் இயக்கத்தை ஆராய்ந்ததற்காகத்தான் பீட்டர் டயமண்ட், டேல் மார்ட்டென்சன், கிறிஸ்டஃபர் பிசாரிடிஸ் ஆகிய மூவருக்கும் 2010இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. பருவகால வேலையின்மையைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை; விதைப்புக்கும் அறுவடைக்கும் இடையே உழவுத் தொழிலாளருக்கு வேலை இல்லாமல் போவது அதன் அடையாளம்.

அமைப்புசார் வேலையின்மை இவற்றைவிடக் கடினமானது. வேலை ஓரிடத்தில், ஆள் வேறிடத்தில். அல்லது வேலைக்கு ஒரு திறன் வேண்டும், ஆளிடம் இருப்பது வேறு திறன். சுரங்கம் மூடப்பட்ட ஊரில் ஐம்பது வயதுத் தொழிலாளிக்குத் தொலைதூர நகரத்தில் மென்பொருள் எழுதும் வேலை காலியாக இருப்பதால் எந்த ஆறுதலும் இல்லை. சுழற்சி வேலையின்மை என்பது பொருளாதாரம் முழுவதும் தேவை சுருங்குவதால் எல்லாத் துறைகளிலும் ஒரே நேரத்தில் வேலை குறைவது.

இவற்றைப் பிரித்தறிய ஓர் எளிய வழி உண்டு. காலிப் பணியிடங்களையும் வேலையில்லாதவர்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒருசேர அதிகமாக இருந்தால் ஆளுக்கும் வேலைக்கும் பொருத்தமில்லை என்று பொருள். ஆட்கள் ஏராளமாகவும் காலியிடங்கள் அரிதாகவும் இருந்தால் தேவை சுருங்கிவிட்டது என்று பொருள். இந்த ஒப்பீட்டைக் காட்டும் வரைகோட்டுக்கு வில்லியம் பெவரிட்ஜ் என்ற ஆங்கிலேயரின் பெயரை வைத்திருக்கிறார்கள். வேலை தேடும் மனிதர்களைவிடக் காலியிடங்கள் எப்போதும் அதிகமாக இருப்பதே முழு வேலை நிலை என்று 1944இல் எழுதியவர் அவர். காத்திருக்க வேண்டியது வேலைதான், மனிதர் அல்லர் என்பது அதன் உட்பொருள். இதைவிடக் கண்ணியமான வரையறையை நான் படித்ததில்லை.

கேள்வி: நான் ஒரு சிறுதொழில் நடத்துகிறேன். விற்காத சரக்கின் விலையைக் குறைத்தால் விற்றுவிடும். உழைப்பும் ஒரு சரக்குதானே? கூலி குறைந்தால் எல்லோருக்கும் வேலை கிடைத்துவிடாதா? – ஒரு தொழில்முனைவோர்

பதில்: பல தலைமுறைப் பொருளியலாளர்கள் நீங்கள் சொல்வதைத்தான் நம்பினார்கள். ஒரு தனி நிறுவனத்தின் அளவில் அது பெரும்பாலும் உண்மையும்கூட. உங்கள் தொழிலில் மட்டும் கூலி குறைந்தால் உங்கள் செலவு குறையும், நீங்கள் விலையைக் குறைத்துக் கூடுதலாக விற்கலாம், கூடுதலாக ஒருவரை வைத்துக்கொள்ளலாம். உங்கள் தொழிலாளர்கள் உங்கள் பொருளை வாங்குகிறவர்களில் மிகச் சிறிய பகுதி என்பதால் அவர்களுடைய வருமானம் குறைந்ததை உங்கள் கல்லாப்பெட்டி உணராது. ஆனால் எல்லா நிறுவனங்களும் ஒரே நேரத்தில் கூலியைக் குறைத்தால் எல்லா நிறுவனங்களின் வாடிக்கையாளர்களும் ஒரே நேரத்தில் ஏழையாகிறார்கள். கூலி என்பது தருகிறவருக்குச் செலவு, பெறுகிறவருக்கு வருமானம். பெறுகிறவர் அதைச் செலவிடும்போது அது இன்னொரு தொழில்முனைவோரின் விற்பனை. இந்தச் சங்கிலியை மறந்துவிட்டால் தனி ஒருவருக்கு நன்மையாக இருப்பது எல்லோருக்கும் நன்மையாக இருக்கும் என்று தோன்றிவிடும்.

1929இல் தொடங்கிய உலகப் பெருமந்தம் இதைக் கொடுமையாகச் சோதித்துக் காட்டியது. அமெரிக்காவில் 1929இல் ஏறத்தாழ 3 விழுக்காடாக இருந்த வேலையின்மை 1933இல் ஏறத்தாழ 25 விழுக்காடாக உயர்ந்தது. ஜெர்மனியில் 1932இன் தொடக்கத்தில் பதிவு செய்துகொண்ட வேலையற்றோர் மட்டும் சுமார் 60 இலட்சம் பேர். அந்த ஆண்டுகளில் கூலியும் இறங்கியது, விலைவாசியும் இறங்கியது, வேலைவாய்ப்பு பெருகவில்லை. விலை இறங்கும் என்று தெரிந்தால் வாங்குகிறவர் தள்ளிப்போடுகிறார். அதைவிடப் பெரிய தீங்கைச் சுட்டிக்காட்டியவர் அமெரிக்கப் பொருளியலாளர் இர்விங் ஃபிஷர்: விலையும் வருமானமும் இறங்குகின்றன, வாங்கிய கடனின் தொகை மட்டும் இறங்குவதில்லை. ஆயிரம் கடன்பட்டவரின் வருமானம் நூறிலிருந்து எழுபதாகும்போது அவருடைய கடன் உண்மையில் பெருத்துவிடுகிறது. அவர் செலவை இன்னும் சுருக்குகிறார், அல்லது கடனைக் கட்டமுடியாமல் வீழ்கிறார். கடன் கொடுத்த வங்கியும் அவரோடு சேர்ந்து ஆடிப்போகிறது.

இந்தச் சூழலில்தான் ஆங்கிலேயப் பொருளியலாளர் ஜான் மேனார்டு கீன்ஸ் 1936இல் தம் விளக்கத்தை முன்வைத்தார். எத்தனை பேருக்கு வேலை கிடைக்கும் என்பதை உழைப்புச் சந்தை மட்டும் தீர்மானிப்பதில்லை. மக்களும் தொழில்முனைவோரும் அரசும் எவ்வளவு செலவிடுகிறார்கள் என்ற விளைவுத் தேவையே தீர்மானிக்கிறது என்றார். விற்கும் என்ற நம்பிக்கை இல்லாத முதலாளி, கூலி எவ்வளவு குறைந்தாலும், விற்காத பொருளைச் செய்ய ஆள் வைக்கமாட்டார். உங்களையே கேட்டுப்பாருங்கள்: கடைசியாக நீங்கள் ஒருவரைக் கூடுதலாக வேலைக்குச் சேர்த்தது கூலி இறங்கியதாலா, வேலை குவிந்ததாலா?

இந்தச் சுழல் இறங்குமுகமாக ஓடுவதைப் போலவே ஏறுமுகமாகவும் ஓடும். அரசு ஒரு பாலம் கட்ட 100 கோடி செலவிடுகிறது. பெற்றவர்கள் அதில் 80 கோடியைச் செலவிடுகிறார்கள். அதைப் பெற்றவர்கள் 64 கோடியைச் செலவிடுகிறார்கள். இப்படியே கூட்டிக்கொண்டு போனால் மொத்தம் 500 கோடியை நெருங்குகிறது. 1931இல் ரிச்சர்ட் கான் வகுத்த பெருக்கி என்ற கருத்து இது. நடைமுறையில் வரியாகவும் இறக்குமதியாகவும் பெரும்பகுதி கசிந்துவிடுவதால் பெருக்கி இவ்வளவு பெரிதாக இருப்பதில்லை. ஆட்களும் எந்திரங்களும் சும்மா கிடக்கும் காலத்தில் அது வலுவாக இருக்கும். எல்லோரும் வேலையில் இருக்கும் காலத்தில் அதே செலவு விலைவாசியைத்தான் உயர்த்தும்.

கூலி எவ்வளவு உயர்ந்தாலும் வேலைக்குத் தீங்கில்லை என்று இதற்குப் பொருள் கொள்ளவேண்டாம். ஒரு தொழில் தாங்கக்கூடியதற்கு மேல் கூலியைச் சட்டத்தால் உயர்த்தினால் வேலைகள் போகும். ஆனால் எந்த அளவுக்கு மேல் என்பதை ஆராய்ந்துதான் சொல்ல முடியும். அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலம் 1992இல் குறைந்தபட்சக் கூலியை உயர்த்தியபோது, உயர்த்தாத பென்சில்வேனியாவோடு ஒப்பிட்டு டேவிட் கார்டும் ஆலன் க்ரூகரும் துரித உணவகங்களை ஆராய்ந்தார்கள். எதிர்பார்க்கப்பட்ட வேலையிழப்பை அவர்கள் காணவில்லை. அந்த முடிவைப் பற்றிய விவாதம் இன்னும் ஓயவில்லை என்றாலும், கூலி உயர்ந்தால் வேலை போகும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் பழக்கம் அதோடு ஆட்டம் கண்டது.

கேள்வி: எந்திரங்களும் செயற்கை நுண்ணறிவும் எல்லா வேலைகளையும் பறித்துவிடும் என்கிறார்கள். வரலாற்றில் அப்படி நடக்கவில்லை என்றும் சிலர் சொல்கிறார்கள். யார் சொல்வதை நம்புவது? – கணக்கர் ஒருவர்

பதில்: இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது, இருவரும் வெவ்வேறு கால அளவைப் பேசுகிறார்கள். 1900ஆம் ஆண்டளவில் அமெரிக்கத் தொழிலாளர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ நாற்பது பேர் வேளாண்மையில் இருந்தார்கள். இன்று இரண்டு பேர்கூட இல்லை. அந்த முப்பத்தெட்டுப் பேரின் வழித்தோன்றல்கள் வேலையின்றி நிற்கவில்லை. எந்திரத்தால் உணவு மலிந்தது, மிஞ்சிய வருமானம் வேறு பொருள்களையும் சேவைகளையும் தேடிப்போனது, அவற்றைச் செய்ய ஆள் வேண்டியிருந்தது. செய்யவேண்டிய வேலையின் அளவு உலகத்தில் நிலையானது என்று எண்ணுவது தவறு.

ஆனால் நீண்ட காலத்தில் கணக்கு நேராகிறது என்பதைச் சொல்லி ஒரு தனி மனிதரை ஆற்றிவிட முடியாது. இங்கிலாந்தில் 1811இலிருந்து சில ஆண்டுகள் நெசவு, பின்னலாடை எந்திரங்களை உடைத்த லுட்டைட்டுகளை அறியாமையின் சின்னமாகப் பேசுகிறோம். அவர்களுடைய அச்சம் தவறானதல்ல. விசைத்தறி பரவியபின் கைத்தறி நெசவாளர்களின் வருமானம் பல பத்தாண்டுகள் சரிந்துகொண்டே போனது. ஆலைகள் புதிதாகக் கொடுத்த வேலைகள் பெரும்பாலும் வேறு ஆட்களுக்கு, பெண்களுக்கும் சிறுவர்களுக்கும், குறைந்த கூலிக்குப் போயின. அன்றைய அரசு அவர்களுக்கு அளித்த விடை, எந்திரத்தை உடைத்தால் மரண தண்டனை என்ற 1812ஆம் ஆண்டுச் சட்டம்.

எனவே எத்தனை வேலைகள் போகும் என்பதைவிட, போகும் வேலைக்கும் வரும் வேலைக்கும் இடையிலுள்ள ஆண்டுகளை யார் செலவில் கடக்கப்போகிறோம் என்ற கேள்வியே எனக்கு முக்கியமாகப் படுகிறது. எந்திரத்தால் வரும் ஆதாயம் ஒருசிலரிடம் தேங்கிவிட்டால் அது செலவாகிப் புதிய வேலையாக மாறுவதும் தாமதமாகும். உங்கள் தொழிலைப் பொறுத்தவரை, கணக்கு எழுதும் பகுதியை எந்திரம் எடுத்துக்கொள்ளும். கணக்கைப் படித்து முடிவு சொல்லும் பகுதியில் உங்கள் தேர்ச்சியை வளர்த்துக்கொள்வது பயன் தரும்.

கேள்வி: மக்கள்தொகைப் பெருக்கம்தானே வேலையின்மைக்கு மூல காரணம்? – ஒரு வாசகர்

பதில்: மூல காரணம் என்று சொல்ல முடியாது. புதிதாகப் பிறக்கும் ஒவ்வொருவரும் இரு கைகளோடு மட்டும் வருவதில்லை. உண்ணவும் உடுக்கவும் வேண்டிய தேவையோடும் வருகிறார்கள், அந்தத் தேவையே பிறருக்கு வேலை. அமெரிக்க மக்கள்தொகை 1900இல் 7.6 கோடி, 2000இல் 28 கோடி. அந்த 2000ஆம் ஆண்டில் அங்கே வேலையின்மை 4 விழுக்காடுதான். முதல் பதிலில் சொன்ன ஸ்பெயினில் ஆறு ஆண்டுகளில் வேலையின்மை மூன்று மடங்கானது. மக்கள்தொகை மூன்று மடங்காகவில்லை. உழைக்கும் வயதினர் வேகமாகப் பெருகும்போது அதே வேகத்தில் முதலீடும் கல்வியும் பெருகாவிட்டால் நெருக்கடி வரும் என்பது உண்மை. அப்போதும் குறைபாடு முதலீட்டில் இருக்கிறது.

கேள்வி: பல ஏழை நாடுகளின் வேலையின்மை விகிதம் பணக்கார நாடுகளைவிடக் குறைவாக இருப்பதைப் பார்த்தேன். இது எப்படிச் சாத்தியம்? – ஆய்வு மாணவர்

பதில்: வேலையில்லாமல் இருப்பதற்கும் வசதி வேண்டும். சேமிப்போ குடும்பத்தின் ஆதரவோ அரசின் உதவித்தொகையோ இருப்பவர்தான் மாதக்கணக்கில் நல்ல வேலையைத் தேடிக் காத்திருக்க முடியும். இவை எதுவும் இல்லாதவர் அன்றன்றைக்குக் கிடைத்ததைச் செய்கிறார். கணக்கெடுப்பு அவரை வேலையுடையவர் என்று எழுதிக்கொள்கிறது. படித்தவர்களிடையே விகிதம் உயர்ந்தும் எழுத்தறியாதவர்களிடையே தாழ்ந்தும் காணப்படுவதற்கு இது ஒரு முக்கியமான காரணம். படித்தவர், நிலையான வேலைக்கான வரிசையில் சில ஆண்டுகள் நிற்பதற்குக் குடும்பம் தோள் கொடுக்கிறது.

வேலை இருப்பதாகத் தோன்றி உண்மையில் இல்லாத நிலையை மறைமுக வேலையின்மை என்கிறோம். மூவர் செய்துமுடிக்கக்கூடிய நிலத்தில் ஒரு குடும்பத்தின் ஐவரும் உழைக்கிறார்கள்; இருவர் வெளியேறினாலும் விளைச்சல் குறையாது. 1936இல் ஜோன் ராபின்சன் இந்தச் சொல்லைப் பயன்படுத்தியபோது, மந்தத்தில் வேலையிழந்து தெருவில் சில்லறைப் பொருள் விற்கத் தொடங்கிய தொழில்நாட்டுத் தொழிலாளர்களை மனத்தில் வைத்திருந்தார். பின்னர் 1954இல் ஆர்தர் லூயிஸ் இந்த உபரி உழைப்பைக் கொண்டே ஏழை நாடுகளின் வளர்ச்சியை விளக்கினார்: வேளாண்மையில் தேங்கியிருப்பவர்களைத் தொழில்துறை மெல்ல மெல்ல உள்ளிழுத்துக்கொள்ளும் என்றார். பல நாடுகளில் அவர்கள் ஆலைகளுக்குப் போகாமல் நகரத்தின் முறைசாரா வேலைகளுக்குப் போனார்கள். மறைமுக வேலையின்மை இடம் மாறியது, நீங்கவில்லை. ஆகவே உங்கள் ஆய்வில் விகிதத்தோடு வேலை நேரம், வருமானம், பணிப் பாதுகாப்பு ஆகிய மூன்றையும் சேர்த்துப் பாருங்கள்.

கேள்வி: பணவீக்கத்தைக் குறைக்க மத்திய வங்கி வட்டியை உயர்த்துவதற்கும் வேலை இழப்புக்கும் தொடர்பு உண்டா? – இல்லத்தரசி ஒருவர்

பதில்: நேரடித் தொடர்பு உண்டு, அதை வெளிப்படையாகப் பேசுவதுதான் நேர்மை. வட்டி உயர்ந்தால் வீடு வாங்குவதும் தொழிலை விரிவாக்குவதும் தள்ளிப்போகின்றன. தேவை குறைந்து விலையேற்றம் தணிகிறது. அதே தேவைக்குறைவால் வேலைகளும் குறைகின்றன. நியூசிலாந்தில் பிறந்த பொருளியலாளர் பிலிப்ஸ், 1861 முதல் 1957 வரையிலான பிரிட்டனின் புள்ளிவிவரங்களைக் கொண்டு, வேலையின்மை குறைந்த ஆண்டுகளில் கூலி வேகமாக உயர்வதை 1958இல் காட்டினார். கொஞ்சம் பணவீக்கத்தை ஏற்றுக்கொண்டால் வேலையின்மையை நிரந்தரமாகக் குறைக்கலாம் என்று பலர் அதிலிருந்து முடிவுகட்டினார்கள். மில்டன் ஃப்ரீட்மனும் எட்மண்ட் ஃபெல்ப்ஸும் அதை மறுத்தார்கள்: விலை உயரும் என்று மக்கள் எதிர்பார்க்கத் தொடங்கியதும் கூலியும் அதற்கேற்ப உயரும், பழைய ஆதாயம் மறைந்துவிடும் என்றார்கள். 1973இல் எண்ணெய் விலை பன்மடங்கு உயர்ந்தபின் விலைவாசியும் வேலையின்மையும் ஒருசேர ஏறி அவர்களுடைய எச்சரிக்கையை உறுதிப்படுத்தின.

அமெரிக்க மத்திய வங்கியின் தலைவராக இருந்த பால் வோல்க்கர் வட்டியை மிகக் கடுமையாக உயர்த்தினார். பணவீக்கம் தணிந்தது, 1982இன் இறுதியில் வேலையின்மை 10.8 விழுக்காடானது. அந்த முடிவு தேவையாக இருந்திருக்கலாம். ஆனால் எல்லோருக்கும் விலைவாசி நிலைப்படுவதற்கான செலவை வேலை இழந்த சிலர் மட்டும் தங்கள் வாழ்க்கையால் கட்டினார்கள். அவர்களுக்குக் கிடைக்கும் உதவித்தொகையை இலவசம் என்று யாராவது சொன்னால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

கேள்வி: அப்படியானால் அரசு என்னதான் செய்ய முடியும்? – பலரும் கேட்டது

பதில்: காரணத்தைப் பொறுத்தது. தேவை சுருங்கிய காலத்தில் அரசு செலவைக் கூட்டலாம், வரியையும் வட்டியையும் குறைக்கலாம், நேரடியாகவே வேலை கொடுக்கலாம். அமெரிக்காவில் 1935இல் தொடங்கிய பொதுப்பணித் திட்டம் 1943க்குள் ஏறத்தாழ 85 இலட்சம் பேருக்கு வேலை தந்தது. வேலையிழப்புக் காப்பீடு தனி மனிதரைத் தாங்குவதோடு அவருடைய செலவு அறவே நின்றுபோகாமல் பார்த்துக்கொண்டு பிறருடைய வேலையையும் காக்கிறது. நாடு தழுவிய கட்டாயக் காப்பீட்டை 1911இல் பிரிட்டன் சில தொழில்களில் தொடங்கியது.

ஜெர்மனியின் வழி எனக்கு மிகவும் பிடித்தது. அங்கே ஆட்களை நீக்காமல் எல்லோருடைய வேலை நேரத்தையும் குறைத்து, இழந்த ஊதியத்தின் ஒரு பகுதியை அரசு ஈடுசெய்கிறது. 2009இல் அந்நாட்டின் உற்பத்தி 5 விழுக்காட்டுக்கும் மேல் சரிந்தபோது சுமார் 15 இலட்சம் தொழிலாளர்கள் இப்படிக் குறுநேர வேலையில் இருந்தார்கள். வேலையின்மை மிகச் சிறிதளவே உயர்ந்தது. இதற்கும் எல்லை உண்டு. தற்காலிகச் சரிவுக்கு இது உதவும். ஒரு தொழிலே அழிந்துகொண்டிருந்தால் பிரிவைத் தள்ளிப்போடுவதாகவே முடியும். அப்போது மறுபயிற்சியும் இடம்பெயர உதவியும் வேண்டும். அரசுகள் அடிக்கடி செய்யும் தவறு, காலியிடமே இல்லாத காலத்தில் பயிற்சி முகாம்களை மட்டும் நடத்திவிட்டு, வேலை கிடைக்காதவர்களைத் திறனற்றவர்கள் என்று முத்திரை குத்துவது.

கேள்வி: நீண்ட காலம் வேலையில்லாமல் இருப்பது ஒரு மனிதரை என்ன செய்கிறது? – உளவியல் மாணவி

பதில்: ஆஸ்திரியாவில் வியன்னாவுக்கு அருகே மரியென்தால் என்ற சிற்றூர் ஒரே ஒரு நூற்பாலையை நம்பி வாழ்ந்தது. பெருமந்தத்தில் அந்த ஆலை மூடப்பட்டது. மரீ யஹோதா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் சைசல் ஆகியோரின் குழு 1931ஆம் ஆண்டின் இறுதியில் அங்கே சென்றபோது, 478 குடும்பங்களில் முக்கால் பங்குக்கும் மேற்பட்டவற்றில் ஒருவருக்கும் வேலை இல்லை. வேலை போனால் ஓய்வு மிஞ்சும், மக்கள் அதிகம் படிப்பார்கள் என்று எதிர்பார்க்கலாம். நூலகத்தில் கட்டணத்தை நீக்கிய பின்னும் இரவல் போகும் நூல்களின் எண்ணிக்கை இரண்டு ஆண்டுகளில் பாதியளவு குறைந்திருந்தது. ஆய்வாளர்கள் ஒரு சன்னலோரம் இருந்து தெருவில் போகிறவர்களின் வேகத்தை அளந்தார்கள். வீட்டு வேலையின் பொறுப்பு தொடர்ந்த பெண்களைவிட ஆண்கள் மெதுவாக நடந்தார்கள், வழியில் அடிக்கடி நின்றார்கள். ஆண்களில் பலர் கடிகாரம் வைத்திருப்பதையே விட்டுவிட்டார்கள். வேலை வருமானத்தோடு நேரத்துக்கு ஓர் ஒழுங்கையும், பிறரோடு ஒரு தொடர்பையும், தன்னைப் பற்றிய மதிப்பையும் தருகிறது என்று யஹோதா பின்னாளில் விளக்கினார்.

காத்திருப்பு நீளும்போது அதுவே வேலை கிடைக்காமல் போவதற்குக் காரணமும் ஆகிறது. அமெரிக்காவில் ஆய்வாளர்கள், மற்ற தகுதிகள் ஒத்தவையாகவும் வேலையின்றி இருந்த மாதங்கள் மட்டும் வேறுபட்டவையாகவும் உள்ள கற்பனை விண்ணப்பங்களை நிறுவனங்களுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். இடைவெளி நீள நீள, நேர்காணலுக்கு அழைப்பு வருவது குறைந்தது. முதல் எட்டு மாதங்களில்தான் இந்தச் சரிவு மிகக் கடுமையாக இருந்தது. விண்ணப்பித்தவர் யாரென்றே தெரியாத நிலையில், இடைவெளியின் நீளமே அவருக்கு எதிரான சான்றாக எடுத்துக்கொள்ளப்பட்டது. மந்தம் நீங்கிய பின்னும் சில நாடுகளில் வேலையின்மை பழைய நிலைக்குத் திரும்பாமல் உயர்ந்தே நின்றதற்கு இதையும் ஒரு காரணமாகப் பொருளியலாளர்கள் கருதுகிறார்கள்.

முதற்கேள்வியை எழுதிய தந்தைக்கு இப்போது ஒன்றைச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். உங்கள் மகனுக்கு இந்தப் பதினான்காவது மாதத்தில் கதவுகள் குறைவாகத் திறப்பது அவருடைய திறமை குறைந்துவிட்டதற்கான அடையாளமாக இருக்க வேண்டியதில்லை. சிறிய பயிற்சியோ, பகுதிநேர வேலையோ, தெரிந்தவர் ஒருவரின் தொழிலில் சில மாத உதவியோ கிடைத்தால் அதை ஏற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். விண்ணப்பத்தில் அந்த இடைவெளி நிரம்பும், காலையில் எழுந்து புறப்படுவதற்கு ஓர் இடமும் இருக்கும். தெரிந்தவர்கள் வழியாக வேலை பெறுகிறவர்கள் எல்லா நாடுகளிலும் ஏராளம். முயற்சி போதாது என்று சொல்லும் உறவினர்களிடம், அவர்கள் பணிபுரியும் இடங்களில் காலியிடம் வரும்போது உங்கள் மகனுக்குத் தெரியப்படுத்துமாறு நீங்களே கேளுங்கள்.